கோடியக்கரைக்கு ஒரு சவுக்குக் குச்சி

வியாழன் இரவு, தஞ்சாவூர்

பையைக் கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டியாகிவிட்டது. பைனாகுலர், ஒரு நண்பரிடம் இரவல் வாங்கிய ஸ்பாட்டிங் ஸ்கோப் (தூரத்துப் பறவையைக் கிட்டத்தில் காட்டும் தொலைநோக்கி), அதற்கு முக்காலி, தொப்பி, ஓடோமாஸ், இரண்டு பாக்கெட் குளுக்கோஸ், நாளைக்குத் திருத்துறைப்பூண்டியில் சேர்ந்துகொள்ளப்போகும் சித்தப்பாவுக்கு அரைக் கவுளி வெற்றிலை. கும்பகோணம் கொழுந்து. அது இல்லையென்றால் அவர் எந்த வண்டியிலும் ஏற மாட்டார்.

பறவை பார்க்கக் கோடியக்கரை போக வேண்டும் என்று நாலு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில்தானே இருக்கிறது என்பதாலேயே தள்ளிப்போய்க்கொண்டிருந்தது. இதற்கிடையில் ராஜஸ்தானில் இருக்கிற பரத்பூருக்கு இரண்டு தடவை போய்வந்துவிட்டேன். வெளியில் சொல்லிக்கொள்ளும்படியான விஷயம் இல்லை.

எப்போது போவது என்பதிலேயே பாதி யோசனை போயிற்று. பறவைகள் வர ஆரம்பிப்பது ஐப்பசிக்குக் கொஞ்சம் முன்னால். பங்குனி வரைக்கும் இருக்கும். செப்டம்பர் கடைசி, அக்டோபரில் போனால், இலங்கைக்குக் கடல் தாண்டப்போகிற காட்டுக் குருவிகள் இந்த முனையில் வந்து ஒதுங்கி நிற்பதைப் பார்க்கலாம். நவம்பர், டிசம்பர் மழைக்கும் புயலுக்கும் உரிய மாதங்கள். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா கரையேறியது இந்த வேதாரண்யம் பக்கத்தில்தான். பூநாரை, அதாவது ஃபிளமிங்கோ, கூட்டமாக வேண்டும் என்றால் தை. ஆகவே தை.

அடுத்து, எங்கே நிற்பது. 1967-ல் சரணாலயம் என்று அறிவித்தது 21.47 சதுர கிலோமீட்டர்தான். அதில் பெரும்பகுதி காடு. ஆனால் என்னைப் போன்றவர்கள் போவது அதை ஒட்டிக் கிடக்கிற வேதாரண்யம் பெருஞ்சதுப்புக்கு. காடு, சதுப்பு, உப்பளம், முத்துப்பேட்டை அலையாத்தி எல்லாவற்றையும் சேர்த்து 38,500 ஹெக்டேரை 2002-ல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், ஏற்றினார்கள். 2022 வரைக்கும் தமிழ்நாட்டுக்கு இருந்த ஒரே ராம்சார் ஈரநிலம் இதுதான். அவ்வளவு பெரிய இடத்தில் மூன்று நாளைக் கொண்டு என்ன செய்வது? வரைபடத்தை வைத்துக்கொண்டு பார்த்ததில் ஒன்று பிடிபட்டது. வேதாரண்யத்திலிருந்து தெற்கே போகிற ரோட்டுக்குச் சதுப்பு மேற்குப் பக்கம். காலையில் போனால் சூரியன் முதுகில் இருக்கும், பறவை மேல் வெளிச்சம் விழும். சாயங்காலம் போனால் எல்லாம் கருப்பு உருவங்கள். ஒன்பது ஒன்பதரைக்கு மேல் கானல் எழும்பி, ஸ்கோப்பில் கொக்கெல்லாம் தண்ணீருக்குள் இருப்பதுபோல நெளியும். ஆகவே காலை சதுப்பு, மத்தியானம் கடற்கரை, சாயங்காலம் காடு.

இதையெல்லாம் பெருமையாகப் போனில் சித்தப்பாவிடம் ஒப்பித்தேன். பொதுப்பணித்துறையில் முப்பது வருஷம் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆற்றில் எவ்வளவு திறக்கிறது, வாய்க்காலில் எவ்வளவு போகிறது என்று பார்த்தே வாழ்க்கையைக் கழித்தவர். பறவை என்றால் அவருக்குக் காக்கா, கொக்கு, மயில். முழுக்கக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரிம்மா. சதுப்புல தண்ணி எவ்வளவு நிக்குதுன்னு யாரையாச்சும் கேட்டியா?" என்றார்.

கேட்கவில்லை.

வெள்ளி

திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளிக்கு 37 கிலோமீட்டர் அகல ரயில்பாதை 2023-ல் திறந்தார்கள். வண்டியில் சித்தப்பாவுக்கு ஜன்னல் ஓரம். பழைய மீட்டர் கேஜ் வண்டி கோடியக்கரை வரைக்கும் போகும் என்று எதிர் சீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டு வந்தார். பாதி வழி வயல், அப்புறம் தென்னை, பிறகு திடீரென்று பச்சை எல்லாம் நின்றுபோய் வெள்ளை. பாத்தி பாத்தியாக உப்பளம். பெட்டியில் யாரோ கொண்டுவந்த முல்லைப்பூ மூட்டை மணத்தது. வேதாரண்யம் முல்லை சுற்றுவட்டாரம் எல்லாம் போகிற சரக்கு. உப்புக் காற்றும் முல்லை வாசனையும் ஒரே மூச்சில் வரும் வண்டி வேறெங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

அகஸ்தியம்பள்ளியில் இறங்கினால் உப்புச் சத்தியாகிரக நினைவுத்தூண் இருக்கிறது. 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து ஆட்களை நடத்திக்கொண்டு வந்து உப்பு அள்ளிய இடம். சித்தப்பா செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். நானும்.

தங்குவதற்கு வேதாரண்யத்தில் ஒரு லாட்ஜ். கோடியக்கரையிலேயே வனத்துறையின் ஓய்வு விடுதி இருக்கிறது. நாகப்பட்டினம் வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும். போகிறவர்கள் என்னைப் போலக் கடைசி வாரத்தில் விழித்துக்கொள்ளாதீர்கள். லாட்ஜிலிருந்து காட்டு வாசலுக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர். விடியற்காலையில் ஒவ்வொரு கிலோமீட்டரும் தூக்கத்தில் கழிகிறது. கொசுவைப் பற்றி எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன்.

சாயங்காலம் காடு. நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டு வாட்ச்சர் ஒருவரோடு ராமர் பாதம் வரை போனோம். அதுதான் இந்தப் பக்கத்துக்கே உயரமான இடம். மேடு என்று சொல்வதற்குக்கூட யோசிக்க வேண்டும், அவ்வளவுதான் உயரம். ஆனால் ஊரே தட்டையாக இருப்பதால் அங்கே ஏறினால் காடு முழுக்கத் தெரிகிறது. இது வறண்ட பசுமைமாறாக் காடு. நெட்டை மரங்கள் கிடையாது. பாலை மரங்கள், உகா, சங்கஞ்செடி, நடுவில் வெட்ட வெட்டத் தழைக்கிற சீமைக்கருவேலம். கஜாவில் சாய்ந்த மரங்களின் கட்டை இன்னும் அங்கங்கே கிடக்கிறது.

புல்வெளியில் வெளிமான்கள். திருகிய கொம்போடு ஒரு கருத்த கிடா, தலையைத் தூக்கி மூக்கை வானத்துக்குக் காட்டிக்கொண்டு பெட்டைகளைச் சுற்றிச் சுற்றி நடந்தது. கல்யாண வீட்டில் பெண்கள் பக்கமே நடமாடுகிற மாமா ஒருத்தர் நினைவுக்கு வந்தார். கொஞ்சம் தள்ளி மட்டக்குதிரைகள். எப்போதோ மனிதர் விட்டுப்போன குதிரைகள் காட்டுக்குள் பெருகிவிட்டன. எல்லாரும் படம் எடுப்பது அதைத்தான், பிடரியில் வெயில் பட அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மான் தின்ன வேண்டிய புல்லை அது தின்கிறது. எனக்கு அந்தப் படங்களைப் பார்த்தால் முழு மகிழ்ச்சி வருவதில்லை.

ஆறு மணி ஆகப்போகிறது. வாட்ச்சர் கையைக் காட்டி நிற்கச் சொன்னார். புதருக்குள்ளிருந்து இரண்டு சுரத்தில் ஒரு விசில், ஏறி இறங்கி. ஆறுமணிக்குருவி. காலை ஆறு, மாலை ஆறு ஒட்டிக் கூப்பிடுவதால் அந்தப் பெயர். இமயமலை அடிவாரம், மத்திய இந்தியா பக்கம் கூடு கட்டிவிட்டுக் குளிர்காலத்துக்கு இங்கேயும் இலங்கைக்கும் வருகிற பறவை. உடம்பில் ஒன்பது நிறம் என்று வடக்கே பெயர் வைத்திருக்கிறார்கள். நான் பார்த்த நிறம் எத்தனை என்றால், பூஜ்யம். இருபது நிமிஷம் குனிந்து நின்றதில் இடுப்புதான் பிடித்துக்கொண்டது. சித்தப்பா வாட்சைப் பார்த்தார். "ஆறு அஞ்சு. பரவால்ல, அஞ்சு நிமிஷம் லேட்டு."

திரும்பும்போது ஆசை விடாமல் சதுப்போரம் ஆட்டோவை நிறுத்தச் சொன்னேன். கண்ணில் நேராகச் சூரியன். வரைபடம் சொன்னது சொன்னபடி: எல்லாம் கருப்பு உருவங்கள்.

சனி

ஐந்தரைக்குச் சதுப்பு. இருட்டு விலக விலகத் தண்ணீர் மட்டுமே தெரிந்தது. ரோட்டோரத்து உமரிச் செடிகள் கழுத்துவரை முழுகிக் கிடந்தன. மார்கழியில் பெய்ய வேண்டியது தைக்கும் நீண்டுவிட்டது. மானங்கொண்டான் ஆறும் வளவனாறும் கொண்டுவந்து கொட்டியது இன்னும் வடியவில்லை. ஸ்கோப்பை முக்காலியில் மாட்டப் போனால், இரண்டையும் பிணைக்கிற சின்னத் தகடு இல்லை. வீட்டு மேஜையில் இருக்கிறது. ஸ்கோப்பை ஆட்டோக் கூரையில் துண்டை மடித்து வைத்து அதன் மேல் கிடத்திப் பார்த்தேன். ஆட்டோக்காரர் இன்ஜினை அணைத்துவிட்டு மூச்சைக்கூட மெதுவாக விட்டார், பாவம்.

அடிவானத்தில் ஒரு ரோஸ் கோடு. பென்சிலால் இழுத்த மாதிரி. அதுதான் பூநாரை. ஐந்நூறா, ஐயாயிரமா, எண்ண முடியாது. ஏழரைக்கு அந்தக் கோடு நடுங்கத் தொடங்கியது, எட்டரைக்குக் கானலில் கரைந்தது.

சித்தப்பா இதற்குள் பாதையோரம் கிடந்த ஒரு சவுக்குக் குச்சியை எடுத்து, பாக்குவெட்டியால் நுனியைச் சீவி, தண்ணீர் விளிம்பிலிருந்து நாலடி உள்ளே நட்டார். தண்ணீர் தொட்ட இடத்தில் ஒரு வெட்டு. "எதுக்கு சித்தப்பா?" என்றேன். "சும்மா இருக்கட்டும்" என்று வெற்றிலை மடிக்க உட்கார்ந்துவிட்டார்.

பூநாரை இல்லையென்று ஆனபின் உப்பளப் பக்கம் போனோம். இந்தப் பயணத்தில் நான் அதிக நேரம் நின்றது அங்கேதான், திட்டத்தில் அது ஒரு வரிகூட இல்லை. பாத்தி வரப்பில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தால், சேறு நகர ஆரம்பிக்கிறது. சேறில்லை, கொசு உள்ளான். கைக்குள் அடங்குகிற அளவு. எடை முப்பது கிராம் தேறினால் அதிகம். ரஷ்யாவின் வடகோடித் துருவ நிலத்தில் முட்டையிட்டுவிட்டு இந்த உப்புச் சேற்றுக்கு வந்திருக்கிறது. நூறு நூற்றைம்பது இருக்கும். ஒவ்வொன்றும் முறத்தில் அரிசி பரப்பிக் கல் பொறுக்குகிற கையைப் போல, டக் டக் டக், நிமிராமல். ஒன்று எனக்கு ஆறடிக்குள் வந்தது. அலகு நுனியில் ஒட்டிய சேறு, அதன் மேல் ஒரு துளி தண்ணீர், துளிக்குள் வெயில். கால் கருப்பு. ஒரு காலைத் தூக்கிக் கன்னத்தைச் சொறிந்துகொண்டு மறுபடி வேலையில் இறங்கியது. பூனைப்பருந்து ஒன்று தாழப் பறந்ததும் எல்லாம் ஒரே துணியாக எழும்பி, திரும்பும்போது வெள்ளை, மறுபடி திரும்பும்போது பழுப்பு, அப்புறம் அதே பாத்தியில் அதே இடத்தில்.

நடுநடுவே வளைமூக்கு உள்ளான், பவளக்காலி, உப்புக்கொத்தி. பெரிய கோட்டான் என்கிற கரைப்பறவை ஒன்று நின்றது. கோட்டான் என்று நான் சொன்னதும் சித்தப்பா மரத்தில் ஆந்தையைத் தேடினார். உள்ளானுக்குப் பக்கத்தில் அது ஒரு வாழைத்தாரைக் கவ்விக்கொண்டு நிற்பதுபோல, மூக்கு அவ்வளவு நீளம்.

இவற்றின் காலில் வளையம் மாட்டித்தான் எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்துகொண்டார்கள். பறவையியலாளர் சாலிம் அலி இந்த இடத்தின் அருமையைக் கண்டு சொன்னது 1960-களில். அதன்பின் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் இங்கே பல்லாண்டு தங்கி வளையமிட்டார்கள். இதில் எனக்குப் பிடித்த சங்கதி, பறவையைப் பிடித்துக் கொடுத்தவர்கள் பீகாரைச் சேர்ந்த மீர்ஷிகார்கள். தலைமுறை தலைமுறையாகப் பறவை பிடித்து விற்றவர்கள். கண்ணி வைக்கிற கை அவர்களுடையது. ஒரு இறகு கசங்காமல் பிடிப்பார்களாம். படிப்புக்கும் தொழிலுக்கும் இப்படி ஒரு சம்பந்தம் அமைவது அபூர்வம்.

இந்த ஆனந்தத்தில் வரப்பை விட்டு இரண்டடி இறங்கினேன். மேலே காய்ந்து வெடித்த மண், கெட்டியாகத்தான் தெரிந்தது. அது வெறும் தோல். முழங்கால் வரை உள்ளே போயிற்று. கால் வந்துவிட்டது, செருப்பு வரவில்லை. உப்பு வாருகிற ஒரு அம்மா தூரத்திலிருந்து, "அசையாத நில்லும்மா!" என்று கத்தி, வாரும் பலகையின் நீளக் கம்பை நீட்டிக் கரையேற்றினார். காலில் ஒரு வெட்டு. அதில் உப்புத் தண்ணீர். அந்த அம்மாவின் பாதங்களைப் பார்த்தபின் என் வெட்டைப் பற்றிப் பேச வாய் வரவில்லை. "பறவ பாக்க வந்தீங்களா? நாங்க தெனமும் பாக்குறோம், ஒரு பயலும் கேக்க மாட்டேங்குறான்" என்றார். என்னென்ன வரும் என்று கேட்டேன். கையால் உயரம் காட்டி ஏழெட்டு வகை சொன்னார். பெயர் சொல்லவில்லை, உயரம், கால் நிறம், எந்த மாதம். என் பட்டியலைவிட அது உபயோகமாக இருந்தது.

புதுச் செருப்பு வாங்கிக்கொண்டு மத்தியானம் கோடிக்குழகர் கோயில். சுந்தரர் பாடிய தலம். கடற்காற்று மோதுகிற இந்தக் கரையில் பக்கத்தில் ஒரு குடிகூட இல்லாமல் இப்படித் தனியாக உட்கார்ந்திருக்கிறாயே என்று சாமியை உரிமையாகக் கடிந்துகொள்கிற பதிகம். அதில் ஒரு பாட்டில் பொந்திலிருக்கும் ஆந்தைகளும் கூகைகளும் குழறி அம்பிகையைப் பயமுறுத்துகின்றன. கோடியக்கரையின் பறவைப் பட்டியலில் முதல் பதிவு அதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். ஆந்தை இனம் எது என்று நாயனார் குறிக்கவில்லை.

கடற்கரையில் சீசன் கூட்டம். புரட்டாசி, ஐப்பசியில் வேறு ஊர் மீனவர்கள் குடும்பத்தோடு வந்து கொட்டகை போட்டு மாதக்கணக்கில் தங்கித் தொழில் செய்வார்கள். மணலெல்லாம் கருவாடு, அதன் மேல் கடற்காகங்கள், ஆலாக்கள், செம்பருந்துகள், நாய்கள், எல்லாரும் ஒரே நோக்கத்தோடு. 2004 சுனாமியில் விழுந்த பழைய கலங்கரை விளக்கத்தின் கற்கள் அலையடியில் கிடக்கின்றன. சோழர் காலத்தது என்கிறார்கள். சித்தப்பா அதில் உட்கார்ந்து கடலைப் பார்த்தார். "காத்து மாறுது பாரு. வாடை புடிக்குது" என்றார். எனக்குக் கருவாட்டு வாடைதான் தெரிந்தது.

ஞாயிறு

ராத்திரி முழுக்கக் காற்று. லாட்ஜ் ஜன்னல் கொக்கி அடித்துக்கொண்டே இருந்தது. ஐந்தரைக்கு அதே இடம். சித்தப்பா ஆட்டோ நிற்பதற்குள் இறங்கிக் குச்சியைப் பார்க்கப் போய்விட்டார். போனவர் அங்கிருந்தே கையைத் தூக்கி நாலு விரலைக் காட்டினார். வெட்டுக்குக் கீழே நாலு விரற்கடை தண்ணீர் இறங்கியிருந்தது. நேற்று முழுகியிருந்த உமரி இன்று வேரோடு வெளியே, அதற்கப்பால் ஈரச் சேறு, அப்புறம்தான் தண்ணீர்.

"ஒரே ராத்திரில வடியாது சித்தப்பா, இவ்வளவா?"

"வடியலம்மா. காத்து தள்ளிக்கிட்டுப் போயிருக்கு. வடகிழக்கு வாடை. இந்தப் பக்கம் எறங்குனா மேக்கால ஏறும். தாம்பாளத்துல தண்ணிய ஊத்தி ஊதிப் பாரு. அங்கன நின்னதெல்லாம் ஆழம் தாங்காம இங்கதான் வரணும்."

தாம்பாளக் கணக்கு பூநாரைக்குத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை. வெளுத்தபோது அவை அங்கே நின்றன. இருநூற்றுப் பத்து வரை எண்ணினேன். அப்புறம் ஒன்றின் கால் எது, பக்கத்ததின் கால் எது என்று குழம்பி விட்டுவிட்டேன். நடுநடுவே இளசுகள், இன்னும் நிறம் ஏறாத சாம்பல். கூட்டமாக வாத்துக் குரலில் பேசிக்கொண்டே இருந்தன. படத்தில் பார்க்கிற அழகுக்கும் இந்தக் குரலுக்கும் சம்பந்தமே இல்லை. ஒவ்வொன்றும் கழுத்தை முழுக்க இறக்கி, அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து, காலால் சேற்றை மிதித்து மிதித்துச் சுற்றியது. கலக்கிய தண்ணீரை வடிகட்டி அதிலிருக்கிற சின்னஞ்சிறு உயிர்களைத் தின்கிறது. அந்தத் தீனியில் இருக்கிற நிறம்தான் இறகில் ஏறும். பிறகு என்ன தோன்றியதோ, பத்து நாற்பது சேர்ந்து தண்ணீர் மேல் ஓடி எழும்பின. மடங்கியிருந்தபோது வெளுத்துத் தெரிந்த சிறகு, விரித்ததும் குங்குமமும் கருப்பும்.

சித்தப்பாவிடம் பைனாகுலரைக் கொடுத்தேன். வெகு நேரம் பார்த்தார். "முட்டி வரைக்கும் தண்ணி" என்றார். "முக்கா அடி இருக்கும்."

வாடை தான் கொண்டுவந்ததா, தற்செயலா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஒரு குச்சி, ஒரு ராத்திரி. அதை வைத்து யாரும் கட்டுரை எழுதமாட்டார்கள். ஆனால் அடுத்த தடவை தகடு மறந்தாலும் குச்சியை மறக்கமாட்டேன். போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது: தேதி குறிப்பதற்கு முன்னால் மழை எப்போது விட்டது என்று கேளுங்கள். கடைசி நல்ல மழைக்குப்பின் இரண்டு மூன்று வாரமாவது வெயில் அடித்திருக்க வேண்டும். ஸ்கோப் இல்லாமல் போகலாம், காலைப் பிடித்துக் கட்டுகிற செருப்பு இல்லாமல் போகக்கூடாது. மூன்று நாளில் ஒரு நாளைத் திட்டமில்லாமல் விட்டு வையுங்கள்.

மத்தியான வண்டிக்கு முன் ஆறுமணிக்குருவிக்காக இன்னொரு தடவை காட்டுக்குப் போனோம். மணி பதினொன்று. கூப்பிடவே இல்லை. கடிகாரத்தை மதிக்கிற பறவை.

வண்டியில் பட்டியலைக் கூட்டினேன்: 71. சித்தப்பா வாங்கி விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார். "காக்காயக் காணுமே?" என்றார். நிஜமாகவே எழுதவில்லை. 72.

திங்கள்

ஆபீஸ். காலில் கட்டு. பதினொரு மணிக்குச் சித்தப்பா போன். திருத்துறைப்பூண்டியில் விடியற்காலை நல்ல மழையாம், சீசன் இல்லாத மழை. அவருக்குத் தெரிந்த ஒருவர் கோடிக்காட்டுப் பக்கம் பைக்கில் போனாராம், ரோட்டோரமாகப் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறார்.

"குச்சி இருக்காம். வெட்டுக்கு மேல ரெண்டு விரக்கடை தண்ணியாம்" என்றார்.

"பூநாரை?"

"அத நான் கேக்கல. நீயே கூப்புட்டுக் கேட்டுக்க, நம்பர் அனுப்புறேன்."